அசையாத எண்

தெலுக் இந்தான்
11 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தினேஸ்வரி எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம். மகள் சாந்தினி அடுத்த மாதம் ஐந்தாம் படிவத்துக்குப் போகிறாள், இப்போது என்னைவிட உயரம். உங்கள் வயிற்று வலி தேவலையா? சரவாக் கடலில், எண்ணெய் மேடையில், என்ன சோறு போடுகிறார்களோ என்று ஈப்போவில் அண்ணியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அங்கே போன் எடுக்காது, மின்னஞ்சல் மட்டும்தான் என்று அவர் சொன்னதால் ஆபீஸ் கணினியிலிருந்து எழுதுகிறேன்.

ஒரு வேலை விஷயம் கேட்க வேண்டும். ஈப்போவில் அத்தனை வருஷம் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த உங்களைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பேன்?

எங்கள் செம்பனை எஸ்டேட் ஆற்றைவிடத் தாழ்ந்த நிலம். கடல் ஏற்றம் வந்தால் ஆறு உள்ளே வரப் பார்க்கும். கரையில் ஓர் இரும்புக் கதவு இருக்கிறது. ஆறு வற்றும்போது திறந்து வாய்க்கால் தண்ணீரை வெளியே விடுவோம், ஏறும்போது மூடிவிடுவோம். செம்பனை மட்டையும் ஆகாயத்தாமரையும் வந்து சிக்கிக்கொண்டால் கதவு மூடாது. அப்போது ஆறு வற்றியிருக்கும் நேரம் பார்த்து, கரைக்கு அடியில் போகும் சிமெண்டுக் குழாய்க்குள் ஆட்கள் இறங்கிக் குப்பையை எடுக்க வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்கு ஆறு தெரியாது. ஆபீசில் ஒரு பழைய புரோகிராம்தான் அதைக் காட்டும். திரை முழுக்க நீலம், நடுவில் பெரிய வெள்ளை எண், ஆறு எத்தனை மீட்டர் என்று. அதைப் பார்த்து நான் வாக்கி டாக்கியில் "இறங்கலாம்" என்று சொன்ன பிறகுதான் இறங்குவார்கள்.

பழைய கணினி தீபாவளிக்கு முன்னால் இடியில் எரிந்துபோனது. ஈப்போ தலைமை ஆபீஸ் புதியது அனுப்பியிருக்கிறது, இரண்டு திரையோடு. ஒன்றில் தண்ணீர். இன்னொன்றில் மானேஜர் சிவபிரகாசம் சார் பழ விளைச்சலைப் பார்ப்பார், ஈப்போவோடு வீடியோ மீட்டிங் பேசுவார். அந்தத் திரையில் அவர் மவுசைத் தட்டியதும் என் நீலத் திரை சுருண்டு கீழே ஓடிவிடுகிறது! கூப்பிட்டால் திரும்ப வருகிறது, மறுபடி தட்டினால் மறுபடி ஓடுகிறது.

கதவுக்காரர் சன்னாசி அண்ணன், "உன் டிவி ரோசக்கார டிவிலா தங்கச்சி, பக்கத்து வீட்ட எட்டிப் பாத்தா கோவிச்சுக்குது" என்று கேலி செய்கிறார்.

அது ஓடாமல் நிற்க வழி உண்டா? நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள். மழையில் நனையாதீர்கள்.

உங்கள் தங்கை
தினேஸ்வரி


சரவாக் கடல்
19 பிப்ரவரி

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். வயிறு பரவாயில்லை, காரத்தைக் குறைத்துவிட்டேன். இங்கே பெரிய காற்று, இரண்டு நாளாக மேல்தளத்தில் யாரையும் விடவில்லை.

உன் டிவிக்குப் பைத்தியம் ஒன்றுமில்லை. அந்தக் காலத்துப் புரோகிராம்கள், கணினிக்குத் திரை ஒன்றுதான், அது முழுவதும் தனக்குத்தான் என்று நினைத்து எழுதப்பட்டவை. நீ வேறு திரையைத் தொட்டால், தன்னைத் துரத்திவிட்டார்கள் என்று எண்ணி அது சுருண்டுகொள்ளும். ஆல்ட், என்டர் இரண்டையும் சேர்த்து அழுத்து. முழுத் திரை போய், சின்னச் சன்னலாக வரும். சன்னலாக இருந்தால் ஓடாது.

வீட்டில் தர்மா மச்சான் எப்படி இருக்கிறார்? லோரி இன்னும் பீடோர் பக்கம்தான் ஓட்டமா? சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று பார்த்துக்கொள். நான் கேட்டதாகச் சொல்.

அண்ணன்
மகேந்திரன்


தெலுக் இந்தான்
3 மார்ச்

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். அங்கே காற்று அடங்கியதா?

நீங்கள் சொன்னபடி அழுத்தினேன், சன்னல் வந்தது. ஆனால் தபால் தலை அளவுதான். சார் வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இது யாருக்குத் தெரியும்? பழையபடியே பெருசா போடுங்க" என்றார். போட்டேன்.

அண்ணே, நேற்று ஒன்று நடந்தது. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

காலையில் எண் ஒன்று புள்ளி ஒன்று. ஒன்றரைக்குக் கீழே இருந்தால் பயமில்லை. "இறங்கலாம்" என்றேன். சன்னாசி அண்ணனும் கூட ஓர் ஆளும் இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் சார் வந்து பக்கத்துத் திரையில் தலைமை ஆபீஸ் அனுப்பிய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போனதும் நீலத்தைக் கூப்பிட்டேன். ஒன்று புள்ளி ஒன்று. நல்லது என்று தேத்தண்ணியை எடுத்து வாயில் வைத்தேன்.

வாக்கி டாக்கியில் சன்னாசி அண்ணன், "தங்கச்சி, இடுப்புக்கு வந்துருச்சு. உன் டிவி என்னா சொல்லுது?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். ஒன்று புள்ளி ஒன்று. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த எண் ஒருமுறை நடுங்கி, ஒன்று புள்ளி ஒன்பது என்று குதித்தது.

"ஏறுங்க! ஏறுங்க!" என்று கத்தியதில் சாப்பாட்டு அறையிலிருந்தவர்கள்கூட ஓடி வந்துவிட்டார்கள். இருவரும் ஏறிவிட்டார்கள். கூட இறங்கியவருக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ராத்திரி மஞ்சள் பத்துப் போட்டேன், வீக்கம் வற்றிவிட்டது. தட்டச்சில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது ஏன் அப்படிக் குதித்தது?

தங்கை
தினேஸ்வரி


சரவாக் கடல்
5 மார்ச்

தங்கச்சி,

நலம் விசாரிக்க இப்போது நேரமில்லை, இதைக் கவனமாகப் படி.

நீலத் திரை சுருண்டு கீழே போகும்போது அது மறைவது மட்டுமில்லை, வேலை செய்வதையே நிறுத்திவிடுகிறது. நீ திரும்பக் கூப்பிடும்போது கடைசியாகப் பார்த்த பழைய எண்ணைத்தான் முதலில் காட்டும். ஆற்றை மறுபடி அளந்து புது எண்ணைப் போட அதற்கு நேரம் பிடிக்கிறது. அந்த இடைவெளியில் நீ பார்த்தது ஆறு இல்லை.

பழைய புரோகிராமைப் புதுக் கணினியில் ஓட்டுவதற்கு யாரோ இன்னொரு புரோகிராமைப் போட்டிருப்பார்கள். அதன் அமைப்புக் கோப்பைத் திற. 'போஸ்', அதாவது நிறுத்தி வை, என்று ஒரு சொல் இருக்கும். இந்தக் கடிதத்தின் கீழே படம் வைத்திருக்கிறேன். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு நான் எழுதியிருப்பதைப் போடு. சன்னலின் அளவைப் பெரிதாக்கவும் எழுதியிருக்கிறேன். இன்னொன்று: நீலத் திரையின் அடியில் ஒரு கடிகாரம் ஓடும். அது ஓடினால் எண் உயிரோடு இருக்கிறது என்று பொருள். ஓடாவிட்டால் யாரையும் இறக்காதே.

சன்னாசி அண்ணன் கூட இறங்கிய ஆள் யார்? அந்த ஆளின் முழங்காலுக்கு நீ ஏன் ராத்திரி மஞ்சள் பத்துப் போடுகிறாய்?

மச்சானைப் பற்றிக் கேட்டிருந்தேன், நீ ஒரு வரி எழுதவில்லை.

மகேந்திரன்


தெலுக் இந்தான்
28 ஏப்ரல்

அன்புள்ள அண்ணனுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். சாந்தினிக்குப் பரீட்சை, எனக்கும் இரண்டு வாரமாகச் சளி. இப்போது தேவலை. புத்தாண்டுக்கு அண்ணி முறுக்கு அனுப்பியிருந்தார், உங்கள் பங்கையும் நாங்களே தின்றுவிட்டோம்.

நீங்கள் சொன்னபடி மாற்றினேன். நானே மாற்றினேன் அண்ணே! சன்னல் பெரிதாக வந்தது. பக்கத்துத் திரையில் என்ன தட்டினாலும் நகரவில்லை, கடிகாரமும் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கினேன்.

போன வாரம் தலைமை ஆபீஸ் கம்ப்யூட்டர் ஆள் ஒருவரை அனுப்பியது. மீட்டிங்குக்குப் புதிய கேமரா, இன்னும் அகலமான திரைகள். எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போட்டார். நீலம் மறுபடி முழுத் திரையாகிவிட்டது, மறுபடி ஓடுகிறது. கோப்பைத் திறக்கப் போனால் பாஸ்வேர்டு கேட்கிறது. "ஆபீஸ் ஆளுங்க நோண்டக் கூடாதுன்னு மேல சொல்லிட்டாங்க அக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அகலத் திரையில் நீலத்தை இழுத்துப் பரப்பியதில் கீழ்வரி வெட்டுப்பட்டுப் போயிற்று. கடிகாரம் தெரியவில்லை.

சாரிடம் சொன்னேன். ஈப்போவுக்கு எழுதுகிறேன் என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் ஈப்போ என்றால் அவருக்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

மற்றதெல்லாம் வழக்கம் போலத்தான்.

தினேஸ்வரி


சரவாக் கடல்
2 மே

தினேஸ்,

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். குழாய்க்குள் இறங்குவது தர்மாவா?

மகேந்திரன்


தெலுக் இந்தான்
9 ஜூன்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆமாம்.

உங்களுக்கு எழுத வேண்டாம் என்று சொன்னது அவர். அதற்காக அவர்மேல் கோபப்படாதீர்கள், எழுதாமல் இருந்தது நான்தானே. சர்க்கரை கண்ணைப் பிடித்துவிட்டது. போன வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில், சுவரிலிருந்த பெரிய எழுத்தைக்கூட அவரால் படிக்க முடியவில்லை. லோரி போயிற்று. நான் ஆபீசில் இருப்பதால் சார் இரக்கப்பட்டுக் கதவு வேலை கொடுத்தார். "குழாய்க்குள்ள எப்படியும் இருட்டுதானே, அங்க என் கண்ணும் சன்னாசி அண்ணன் கண்ணும் ஒண்ணுதான்" என்று அவர் சிரித்தார். உங்களுக்குத் தெரிந்தால் கப்பலைப் பிடித்து வந்துவிடுவீர்கள், உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றார்.

இப்போது தெரியுமா அண்ணே, ஒவ்வொரு முறையும் என் புருஷனைத்தான் நான் "இறங்கலாம்" என்று உள்ளே அனுப்புகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மே மாதக் கடைசியில் அவர்கள் உள்ளே இருந்தார்கள். சார் பக்கத்துத் திரையைத் தொட்டுவிட்டுப் போனார். நீலத்தைக் கூப்பிட்டேன். பூஜ்யம் புள்ளி எட்டு. அசையவில்லை. குதிக்கும், குதிக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், அசையவே இல்லை. செத்துப்போன எண் என்று நினைத்தேன். அவர்கள் குழாயின் நடுவுக்குப் போய்விட்டால் வாக்கி டாக்கியில் கரகரப்புத்தான் கேட்கிறது. வேலை முடிவதற்கு ஊதும் மின்சாரச் சங்கின் பொத்தான் என் மேசைக்குப் பின்னால் இருக்கிறது, எழுந்து அழுத்திவிட்டேன்.

எஸ்டேட் முழுக்க வேலை நின்றது. பழம் வெட்டுகிறவர்கள் கம்பைப் போட்டுவிட்டு, தீயா பாம்பா என்று கேட்டு ஓடி வந்தார்கள். அவரும் சன்னாசி அண்ணனும் சேறு வழிய ஏறி வந்தார்கள். எல்லாரும் கரைமேல் ஏறிப் பார்த்தால் ஆறு அடியில் கிடக்கிறது. வற்றி முடிந்து, திரும்ப ஏறுவதற்கு முன்னால் தண்ணீர் சும்மா நிற்கும் நேரம் அது. எண் சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஆறு அசையவில்லை, அதனால் எண்ணும் அசையவில்லை.

எவ்வளவு சிரிப்பு! "ஆபீஸ் கிராணியம்மாவுக்குப் புருஷன் மேல ரொம்ப ஆசைலா" என்று ஒருவன் சொன்னான். சன்னாசி அண்ணன் மட்டும், "டிவி சொன்னா சரியாதான் இருக்கும் தங்கச்சி, நீ பயப்படாதே" என்றார். அவர் என்னைவிட அந்தத் திரையை நம்புகிறார். என் வீட்டுக்காரர் வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

மறுநாள் எனக்கு ஒரு மெமோ வந்தது. இனி மானேஜரைக் கேட்காமல் சங்கை ஊதக் கூடாது.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தினேஸ்வரி


சரவாக் கடல்
12 ஜூன்

அன்புத் தங்கச்சிக்கு,

கோபம் இல்லை. மச்சானிடம் சொல், கண்ணுக்கு ஈப்போவில் நல்ல டாக்டர் இருக்கிறார், அண்ணி கூட்டிப்போவாள்.

நீ செய்தது தப்பில்லை. நூறு பேர் சிரிக்கட்டும். நின்ற ஆறும் நின்ற புரோகிராமும் பார்க்க ஒரே மாதிரி இருந்தால் அது உன் குற்றமா? சந்தேகம் வந்தால் மறுபடி அழுத்து. மெமோவைக் கிழித்துப் போடு.

உன் மானேஜருக்கும் எழுதியிருக்கிறேன். செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தண்ணீருக்குத் தனியாக ஒரு கணினி, அதற்கு ஒரே ஒரு திரை. யார் வீட்டிலாவது தூக்கிப் போட்ட பழைய கணினி போதும். மரியாதையாகப் பதில் போட்டார், அடுத்த வருஷ பட்ஜெட்டில் கேட்கிறாராம்.

அதுவரை நீ சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிடேன். எண்ணைப் பார்த்து "இறங்கலாம்" என்று சொல்லும் வேலை எனக்கு வேண்டாம் என்று சொல்.

எனக்கு டிசம்பரில்தான் லீவு. முன்னதாகக் கேட்டுப் பார்த்தேன், ஆள் இல்லை என்றார்கள்.

மகேந்திரன்


தெலுக் இந்தான்
1 செப்டம்பர்

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்தை அண்ணி மூலம் கேட்டுக்கொண்டேன். உங்கள் மச்சானை ஈப்போவுக்குக் கூட்டிப்போனோம், ஒரு கண்ணுக்கு லேசர் வைத்திருக்கிறார்கள். முன்னைவிடக் கொஞ்சம் தெளிவு என்கிறார். என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாரோ என்னவோ.

சொல்ல மாட்டேன் என்று சொல்லச் சொன்னீர்கள். யோசித்தேன். நான் எழுந்து போனால் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்காருவார். அவர் எண்ணைப் பார்ப்பார், சொல்வார். அவருக்குச் சந்தேகமே வராது. எனக்காவது வருகிறது.

மழைக்காலம் தொடங்கப் போகிறது.

தினேஸ்வரி


சரவாக் கடல்
21 நவம்பர்

தங்கச்சி,

போன வாரம் எழுதியதற்குப் பதில் இல்லை. பேராக்கில் மழை என்று செய்தியில் காட்டினார்கள். பௌர்ணமி ஏற்றமும் சேர்ந்திருக்கிறது. அண்ணிக்கு எழுதினால் அவளும், "தினேஸ் நல்லா இருக்கா, நீங்க கவலப்படாதீங்க" என்று ஒரே வரியில் முடிக்கிறாள். அவள் ஒரு வரியில் எதையும் முடிப்பவள் இல்லை.

ஆபீசுக்குப் போகிறாயா? இரண்டு வார்த்தை எழுது. எழுத முடியாவிட்டால் சாந்தினியை எழுதச் சொல்.

அண்ணன்


தெலுக் இந்தான்
26 நவம்பர்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். சாந்தினி நலம். அவர் மருத்துவமனையில் இருந்தார், நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். தோள்பட்டை விலகியிருக்கிறது, நெஞ்சில் கொஞ்சம் தண்ணீர் கட்டியிருந்தது, இப்போது மூச்சு நன்றாக விடுகிறார். கஞ்சி குடிக்கிறார். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆபீசும் பத்திரம். சார் ஈப்போவுக்குப் போயிருக்கிறார். அண்ணி இங்கே என்னோடுதான் இருக்கிறார்.

கவலைப்படாதீர்கள்.

தினேஸ்வரி


சரவாக் கடல்
27 நவம்பர்

தங்கச்சி,

மச்சான் பிழைத்தாரே, அது போதும். கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

வீட்டைப் பற்றி எழுதினாய், ஆபீசைப் பற்றி எழுதினாய், மானேஜர் எங்கே போனார் என்றுகூட எழுதினாய். சன்னாசி அண்ணன் பெயர் எங்கேயும் இல்லை.

லீவு கிடைத்துவிட்டது, பன்னிரண்டாம் தேதி வருகிறேன். வந்ததும் நேரில் சொல்ல வேண்டாம். சொல்ல முடிந்தால் எழுதிவிடு.

அண்ணன்


தெலுக் இந்தான்
8 டிசம்பர்

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுதுகிறேன். நேரில் உங்கள் முகத்தைப் பார்த்தால் என்னால் சொல்ல முடியாது.

அன்று காலை பதினொரு மணி வெயில். ராத்திரியெல்லாம் கொட்டிய மழை விட்டிருந்தது. கதவில் ஒரு முழு மரமே வந்து மாட்டியிருந்தது, ஏற்றத்துக்குள் எடுத்தாக வேண்டும். எண் ஒன்று புள்ளி இரண்டு, அப்போது உயிரோடுதான் இருந்தது. ஒன்று புள்ளி மூன்றிலிருந்து இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். "இறங்கலாம்" என்றேன். சன்னாசி அண்ணன், "ஓகே பாஸ்" என்றார். எப்போதும் அப்படித்தான் சொல்வார்.

பிறகு சார் அவசரமாக வந்தார். ஈப்போவிலிருந்து மீட்டிங், வெள்ளச் சேதம் பற்றி. "சார், ஆளுங்க உள்ள இருக்காங்க" என்றேன். "ரெண்டு நிமிஷம்தாம்மா" என்றார். நீலம் சுருண்டு போயிற்று. பக்கத்துத் திரையில் நாலைந்து முகங்கள். நீலத்தைக் கூப்பிட்டால் மீட்டிங் அறுந்துவிடும் என்று கையைக் காட்டி என்னைத் தடுத்தார். இரண்டு நிமிஷம் எங்கேயோ போய்விட்டது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மவுசைப் பிடுங்கி நீலத்தைக் கூப்பிட்டேன்.

ஒன்று புள்ளி இரண்டு.

ஆறு சும்மா நிற்கிறதா, எண் செத்துக் கிடக்கிறதா? அண்ணே, எனக்குத் தெரியவில்லை. வாக்கி டாக்கியில் கூப்பிட்டேன், கரகரப்பு. எழுந்தேன். சங்கின் பொத்தான் மேல் கை வைத்தேன். வைத்தேன் அண்ணே. அன்று கரைமேல் நின்று அத்தனை பேர் சிரித்தது காதில் கேட்டது. இவர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது தெரிந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. கண்ணால் பார்த்துவிட்டு வந்து ஊதுவோம் என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன்.

பாதி வழியிலேயே சத்தம் கேட்டது. கரைமேல் ஏறிப் பார்த்தேன். ஆறு குழாயின் வாய்க்கு மேலே வந்திருந்தது. மலைப்பக்கத்து மழைத்தண்ணீரும் ஏற்றமும் ஒன்றாக வந்திருக்கின்றன.

பக்கத்து வரிசையில் பழம் வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் என் கத்தலைக் கேட்டு வந்தார்கள். குழாயின் வாய்க்கால் பக்கத்து வாயில் ஓர் அடிதான் காற்று இருந்தது. அதில் இவருடைய கை தெரிந்தது. வெட்டுகிற கம்பிலிருந்து அரிவாளைக் கழற்றிவிட்டு, கம்பை உள்ளே நீட்டினார்கள். இவர் பிடித்துக்கொண்டார். இழுக்கும்போது இவர், "எனக்குப் பின்னாடி இருக்காரு, கொஞ்சம் பொறுங்க, பின்னாடி இருக்காரு" என்று கத்திக்கொண்டே வந்தார். ஒரு கையால் கம்பையும் மறு கையால் சன்னாசி அண்ணன் சட்டையையும் பிடித்திருந்தார். இவர் தோள் விலகியது அப்போதுதான். சட்டை மட்டும்தான் வந்தது.

சாயங்காலம் தண்ணீர் வற்றிய பிறகு அவரை எடுத்தார்கள்.

அவர் மனைவி செல்லாயி அக்கா அழவில்லை. பிணத்தைக் கழுவி வைத்த பிறகு என்னைக் கூப்பிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு, குற்றம் சொல்லும் குரலில்கூட இல்லை, வழி கேட்பது போலக் கேட்டார்: "தங்கச்சி, அன்னிக்கு ஒண்ணுமில்லாததுக்குச் சங்கு ஊதுனியே, இன்னிக்கு ஏன் ஊதல?"

அவரைக் கழுவிய துணியை எடுத்து அலசிப் பிழிந்து காயப்போட்டேன்.

சார் சாவு வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார், யாரும் உள்ளே கூப்பிடவில்லை. அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள். சார் ஈப்போவைப் பற்றிப் பேசவில்லை, என்மேலும் போடவில்லை. "நான்தான் திரையத் தொட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நானும் சங்கைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். அவர்கள், "அது உங்கள் குற்றமில்லை" என்றார்கள். நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். தயவுசெய்து வந்ததும் அதைச் சொல்லாதீர்கள்.

தினேஸ்வரி


தெலுக் இந்தான்
16 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் மறுபடி கடலுக்குப் போய்ச் சேர்ந்தது அறிந்தேன். ராத்திரிக் காற்றுக்கு அண்ணி பின்னிய பனியனைப் போடுகிறீர்களா?

இவர் தோள் கூடிவிட்டது. நாற்றுப் பண்ணையில் வேலை, செம்பனைக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். குழாயைத் திறந்தால் அதன் பக்கத்திலேயே நிற்கிறார், வாளி நிறைந்ததும் உடனே மூடுகிறார். செல்லாயி அக்கா சுங்கை சிப்புட்டில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கிளம்பும்போது என்னிடம் சொல்லிக்கொண்டார், தலையைத் தொட்டார். ஆனால் கேட்டதைத் திரும்பக் கேட்கவில்லை.

நீங்கள் வைத்துவிட்டுப் போன கணினி நன்றாக ஓடுகிறது. தண்ணீருக்கு மட்டும் ஒரு திரை, கடிகாரம் கீழே தெரிகிறது. புதிய மானேஜர் அதன் மேல் 'தொடாதே' என்று மூன்று மொழியில் ஒட்டியிருக்கிறார். குழாய்க்குள் கயிறு கட்டித்தான் இறங்க வேண்டும், கரைமேல் ஓர் ஆள் நின்று ஆற்றைப் பார்க்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. சங்கை யார் வேண்டுமானாலும் ஊதலாம்.

இன்று நவம்பருக்குப் பிறகு முதல் முறையாகக் கதவு சிக்கியிருக்கிறது. சுமத்ராவிலிருந்து வந்த இரண்டு பேர், அண்ணன் தம்பி. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு குழாய் வாயில் நிற்கிறார்கள். கரைமேல் நிற்கும் ஆள் தண்ணீர் கீழே கிடக்கிறது என்கிறார். எண் பூஜ்யம் புள்ளி ஒன்பது. கடிகாரம் ஓடுகிறது. நீங்கள் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன், எல்லாம் சரியாக இருக்கிறது.

நான் வாக்கி டாக்கியை எடுத்தேன், வைத்துவிட்டேன். உங்களுக்கு எழுதத் தொடங்கினேன்.

"காக், போலே துருன்?" என்று மூத்தவன் கேட்கிறான். இறங்கலாமா அக்கா என்று. இது மூன்றாவது தடவை. நல்ல பையன், குரலில் அவசரமே இல்லை. ஒரு வார்த்தைதான் அண்ணே. அவன் காத்துக்கொண்டிருக்கிறான்.

தினேஸ்வரி